முத்தின் அடுக்குகளும் சர் சி.வி. ராமனும்

தூத்துக்குடியில் சிப்பி ஓட்டைச் சூளையில் இட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். அதே சிப்பிக்குள் விளைந்த முத்தோ பொன்னோடு நிறுக்கப்படும். ஓடும் முத்தும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. விலையில் ஏன் இத்தனை வேறுபாடு? அருமையும் தேவையும் என்றே பல்லாண்டு பொருளியல் வகுப்பில் விடை சொல்லிவந்தேன். அது பாதி விடைதான். மறுபாதியை ஆராய்ந்தவர் சர் சி.வி. ராமன்.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்தவர், இளவயதிலேயே நிதித்துறைத் தேர்வில் தேறிக் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. 1917இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். வருமானத்தை வைத்தே மனிதரின் தெரிவுகளை விளக்கப் பழகிய எனக்கு இம்முடிவு இன்றும் இடறுகிறது. 1928இன் கண்டுபிடிப்பும் 1930இன் நோபல் பரிசும் யாவரும் அறிந்தவை.

பின்னாளில் பெங்களூரில் அவர் செய்த சிப்பி ஆய்வுகளைப் பலர் அறியார். 1935இல் வண்ணம் காட்டும் சிப்பி ஓடுகளைப் பற்றி எழுதினார், 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துகளையே எடுத்துக்கொண்டார். முத்து என்பது அரகோனைட் படிகத் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரான் பருமன். இடையே சாந்து பூசியதுபோல் மெல்லிய புரதப் படலம். அடுக்குதோறும் திரும்பும் ஒளி தன்னோடு தானே கலந்து வானவில் நிறங்களைத் தருகிறது. அதற்குச் சாயம் காரணமன்று. அடுக்குகளின் வழியே ஒளி பரவிச் சிதறுவதால் முத்தைச் சுற்றி ஒரு மென்னொளி வட்டமும் தோன்றும்.

உறுதிக்கும் இவ்வடுக்குகளே காரணம். விரிசல் நேராக ஓட இயலாமல் தகடுதோறும் வளைந்து வலுவிழக்கிறது. இந்தக் கட்டமைப்பைச் செயற்கைப் பொருள்களில் படியெடுக்க இன்றைய ஆய்வாளர்கள் முயல்கின்றனர். அந்த ஆய்வுகளில் ராமன் ஒளியோடு நின்றுவிட்டார் என்பது என் சிறிய மனக்குறை.

அவர் முத்தை ஆராய்ந்த மறு ஆண்டு, 1955இல், தூத்துக்குடியில் மீண்டும் முத்துச் சலாபம் தொடங்கியது. 1961உடன் முடிந்தும் போனது. பார்களில் சிப்பி வற்றியபின் அந்தக் கடலில் சலாபம் நடக்கவில்லை. ராமன் 1970 நவம்பரில் மறைந்தார். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருமணி வைத்து முத்து வளர்த்துக் காட்டினர். அத்தகைய முத்தை வாங்கும் வணிகர், கருமணியின்மேல் சிப்பி பூசிய அடுக்கு எத்தனை பருமன் என்று பார்த்தே விலை சொல்கின்றனர்.