குதிரையேறிய இசபெல்லா அம்மையார்

1831இல் இங்கிலாந்தில் பிறந்த இசபெல்லா பேர்ட் அம்மையார் இளவயதிலிருந்தே முள்ளந்தண்டு நோயால் வருந்தியவர். அக்காலச் சீமாட்டிகள் இரு கால்களையும் இடப்புறம் போட்டே குதிரையில் அமர்வர். சைக்கிள் கரியரில் ஒருபக்கமாக அமர்ந்து பாடசாலைக்கு வந்த எமக்கு அந்த இடுப்புவலி புரியும்! 1873இல் ஹவாய்த் தீவில், அவ்வூர்ப் பெண்களைப் போல இருபுறமும் கால்போட்டு ஏறினார், வலி தணிந்தது. அதே ஆண்டு றொக்கி மலைகளில் 'பேர்டி' என்ற மட்டக்குதிரையில் பனியிலும் தனியே திரிந்தார். ஆயினும் டென்வர் நகரை நெருங்கியதும் நீள்பாவாடை உடுத்தி, மீண்டும் ஒருபக்கமாக அமர்ந்துகொண்டார். ஊர்வாய்க்கு அவரும் அஞ்சினார் போலும். 1892இல் அரச புவியியற் கழகம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண்களுள் இவரும் ஒருவர். 1904இல் எடின்பரோவில் காலமாவதற்குச் சில ஆண்டுகள் முன்புகூட, மொரோக்கோவில் பெரிய கருங்குதிரையொன்றில் சவாரி செய்தார். ஏறுவதற்கு மட்டும் ஏணி வேண்டியிருந்தது.