கர்னல் ஆல்காட்டும் ஊரூர்ப் பள்ளியும்

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே இரண்டு மீனவர் குடியிருப்புகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று ஊரூர்க் குப்பம். மற்றொன்று ஆல்காட் குப்பம். இரண்டையும் இணைத்து ஊரூர் ஆல்காட் குப்பம் என்றே மக்கள் வழங்குகின்றனர். கடலோரத் தமிழ்க் குப்பமொன்று அமெரிக்கர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். அப்பள்ளியை நிறுவிய ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டின் வாழ்வை, பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடையது. ஓர் அமைப்பைத் தொடங்குவதைவிடத் தொடர்ந்து நடத்துவதே அரிது என்பதைப் பத்தாண்டுகளில் கண்டறிந்தவர்கள் அல்லவா நாம்!

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், கிறித்தவ நெறி வழுவாத குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்தது. மகனின் கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. பணமின்மையால் படிப்பை இழப்பது எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே அறிந்தார். ஒஹையோ மாநிலத்தில் உழவுத்தொழில் பழகினார். பின்னர் அறிவியல் முறை வேளாண்மையில் தேர்ச்சி பெற்று, சோளப் பயிர் பற்றி 1857இல் நூல் வெளியிட்டார். நியூயார்க் டிரிப்யூன் இதழின் வேளாண் பகுதிக்கு ஆசிரியருமானார்.

அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் 1859 டிசம்பரில் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டார். வடபுலத்துச் செய்தியாளருக்கு அங்கே உயிராபத்து இருந்தது. ஆயினும் ஆல்காட் உள்ளூர்ப் படையினருள் ஒருவராகத் தம்மை மறைத்துக்கொண்டு சென்று அக்காட்சியைக் கண்டு எழுதினார். உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் நின்று பணியாற்றினார். படைக்குப் பொருள் வழங்கியோர் செய்த மோசடிகளைத் துப்பறியும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கர்னல் என்னும் பட்டம் அப்பணியோடு வந்ததே. 1865இல் லிங்கன் கொலையுண்டபோது, புலனாய்வு செய்தோருள் அவரும் ஒருவர். அதன்பின் சட்டம் பயின்று நியூயார்க்கில் வழக்கறிஞரானார். கணக்கேடுகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் இக்காலத்தில் அவரிடம் ஊறியது. பிற்காலத்தில் அவர் தொடங்கிய பள்ளிகளுக்கு இப்பழக்கமும் உறுதுணையாயிற்று.

1874இல் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்பம். மறு ஆண்டு நியூயார்க்கில் பிரம்மஞான சபை தோன்றியது. ஆல்காட் அதன் தலைவரானார். இருவரும் 1879 பிப்ரவரியில் பம்பாய் வந்திறங்கினர். 1880 மே 25ஆம் நாள் இலங்கையின் காலி நகரில் பஞ்ச சீலம் ஏற்றுப் பௌத்தராயினர். அத்தீவில் பௌத்தப் பிள்ளைகளுக்கென விரல்விட்டு எண்ணத்தக்க பள்ளிகளே அன்று இருந்தன. ஆல்காட் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். கொழும்பில் 1886இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே பின்னர் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்தது. அவர் மறைந்த காலத்தில் அங்கே பௌத்தப் பள்ளிகள் இருநூறுக்கு மேல் பெருகியிருந்தன. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் முன் அவர் சிலை நிற்பதற்குக் காரணம் இதுவே.

1882ஆம் ஆண்டின் இறுதியில் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. ஹடில்ஸ்டன் தோட்டம் என வழங்கிய அந்த வளமான ஆற்றங்கரை நிலத்தில் மாளிகையும் மரநிழலும் இருந்தன. 1886இல் நூலகமும் எழுந்தது. சமஸ்கிருத ஏடுகள் அங்கே வந்து குவிந்தன. கல்விச் செருக்குடைய பெருமக்கள் உறுப்பினராயினர். ஆனால் மதிலுக்கு அப்பால் வாழ்ந்த சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பார் இலர். உலக சகோதரத்துவம் பேசிய சபைக்கு அதன் வாயிலிலேயே காத்திருந்த கேள்வி அது.

அக்காலச் சூழலையும் இங்கே கருதவேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் துயரநிலை பற்றி ஆட்சியாளர் திரமென்ஹீர் அளித்த அறிக்கை 1892இல் அரசின் கவனத்தை ஈர்த்தது. அம்மக்களுக்குப் பள்ளிகள் அமைப்போர்க்குச் சலுகைகளும் உதவித் தொகையும் வழங்க வகைசெய்யும் ஆணை 1893இல் பிறந்தது. ஆணை பிறந்தால் பள்ளி பிறந்துவிடாது. இடம் வேண்டும், தீண்டாமை பாராட்டாமல் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும், கூலி வேலைக்குச் செல்லும் பிள்ளையைப் பெற்றோர் விடுவிக்க வேண்டும். மாதந்தோறும் சம்பளப் பணமும் வேண்டும்.

1894இல் ஊரூரை ஒட்டி ஆல்காட் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளில் மேலும் பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றுக்கு மறைந்த பிளாவட்ஸ்கி அம்மையாரின் நினைவாகப் பெயரிட்டார். மற்றொன்று தாமோதர் பெயரையும், வேறொன்று அன்னி பெசண்டின் பெயரையும் பெற்றன. மயிலாப்பூரில் அமைந்த பள்ளிக்கு இட்ட பெயர் திருவள்ளுவர். வள்ளுவரை மயிலையில் பிறந்தவராகக் கொள்ளும் மரபு பழையது. ஆயினும் சேரிப் பிள்ளைகள் நுழையும் வாயிலில் அப்பெயரை எழுதியபோது அது வேறொரு பொருளும் பெற்றது.

அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் இப்பள்ளிகளின் பொறுப்பேற்று உழைத்தனர். விளையாட்டு வழியே கற்பிக்கும் குழந்தைத்தோட்ட முறையை அவர்கள் கொணர்ந்தனர். மரத்துண்டும் வண்ணத்தாளும் களிமண்ணும் அங்கே பாடக்கருவிகளாயின. சமயப் போதனைக்கு இடமில்லை என்பது ஆல்காட் வகுத்த விதி. பௌத்தராயிருந்தும் தம் சமயத்தை அவர் பிள்ளைகள்மேல் சுமத்தவில்லை.

அவருடைய நோக்கின் எல்லையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தமிழ் எழுதப் படிக்க, ஓரளவு ஆங்கிலம் பேச, கணக்குப் பார்க்க, சமைக்க, தூய்மை பேண என இவற்றோடு அவர் திட்டம் நின்றது. அப்பிள்ளைகள் நல்ல வேலைக்காரர்களாகிப் பசியின்றி வாழட்டும் என்று கருதினாரேயன்றி, நீதிபதியாகவும் பேராசிரியராகவும் அவர்கள் வருவர் என்று அவர் கனவு காணவில்லை. இரக்கத்தால் திறக்கும் கதவு பாதியளவே திறக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் எழுத்துக்கு எல்லை வகுக்க எவராலும் இயலாது. அகரம் கற்ற பிள்ளை அடுத்த ஏட்டையும் புரட்டும்.

கதவை முழுதும் திறக்க முனைந்தவர்கள் அம்மக்களிடையேயே இருந்தனர். அவர்களுள் தலையாயவர் பண்டிதர் அயோத்திதாசர். தமிழும் சித்த மருத்துவமும் கற்ற அவர், தம் மக்கள் பூர்வ பௌத்தர் என்னும் கொள்கையை முன்வைத்தார். தம் பாட்டனார் கந்தப்பன் காத்துவந்த குறள் ஏட்டுச்சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் எழுதியவர் அவர். 1898இல் அவர் ஆல்காட்டை நாடினார். ஆல்காட் அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுமங்கல தேரரிடம் அயோத்திதாசர் பஞ்ச சீலம் ஏற்றார். சென்னை திரும்பியதும் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. பள்ளிகளுக்கு வைத்த பஞ்சமர் என்னும் அடைமொழியை அயோத்திதாசர் ஏற்கவில்லை. உதவிய கையை மதித்துக்கொண்டே, உதவியோர் சூட்டிய பெயரை மறுத்தார் அவர். 1907 ஜூனில் அவர் தொடங்கிய ஒரு பைசாத் தமிழன் இதழில் அம்மக்களின் குரல் அவர்களுடைய சொற்களிலேயே ஒலித்தது.

அவ்விதழைக் காண ஆல்காட் உயிரோடு இல்லை. 1906இல் கப்பல் பயணத்தின்போது தவறி விழுந்து அடிபட்ட அவர், பின்னர் உடல் தேறவேயில்லை. 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றில் காலமானார். அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்தி, சபையின் நிலத்திலேயே அவர் உடலை எரியூட்டினர்.

பிற பள்ளிகள் காலப்போக்கில் கைமாறின. முதற்பள்ளி மட்டும் சபையின் அரவணைப்பில் நிலைத்து, ஆல்காட் நினைவு உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. சுற்றிலும் பெசண்ட் நகர் எழுந்து நிலத்தின் விலை விண்ணைத் தொட்டபோதும், அப்பள்ளி மீனவர் பிள்ளைகளுக்கும் வீட்டுவேலை செய்வோர் பிள்ளைகளுக்கும் உரியதாகவே இருந்துவந்துள்ளது. கட்டணம் வாங்காமல் தமிழ் வழியில் கற்பித்து, உணவும் நூலும் சீருடையும் அளித்து நூற்றாண்டைக் கடந்துவிட்டது. நிறுவியவர் வகுத்த எல்லையைப் பள்ளி தாண்டியதே அவருக்குக் கிடைத்த பெரும்பேறு எனலாம்.

அவர் பள்ளியைக் கண்காணித்த காலம் பதின்மூன்று ஆண்டுகளே. அதற்குப் பின் வந்த நெடுங்காலத்தை, பெயர் அறியப்படாத ஆசிரியரும் சமையற்காரரும், ஒரு பருவத்துச் சீருடைக்கு மனமுவந்து ஈந்தோரும் தாங்கி நின்றனர். கல்லில் அவர்கள் பெயர் இல்லை. அறிவின் பெருமையைப் பாடுவது கவிஞர்க்கு எளிது. அதனினும் அரிய பணி, நம் தெருவுக்கு அடுத்த ஏழைப் பகுதியின் பள்ளிக்கு ஒரு நூலடுக்கு அமைத்துத் தருவதும், திங்களுக்கு ஒரு மாலை அங்கே சென்று பிள்ளைகளோடு அமர்ந்து படிப்பதும் ஆகும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் அப்பணியை மேற்கொள்ளுமாயின், இம்மலரின் பக்கங்கள் மங்கிய பின்னும் நம் தமிழ் யாரோ ஒரு சிறுமியின் நாவில் வாழும்.