சோடா மூடியைத் தந்த வில்லியம் பெயின்டர்



பொங்கல் விழாவன்று நம் வளாகத்தில் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். உறியடி முடிந்து பிள்ளைகள் வியர்வையோடு வரிசையில் வந்து நிற்கிறார்கள். நான்கு கிரேட் பன்னீர் சோடா ஐஸில் குளிர்ந்து தயாராக இருக்கிறது. ஓப்பனர் மட்டும் இல்லை. ஒருவர் கேட் கொண்டியில் மாட்டித் திறந்தார். ஒருவர் வண்டிச் சாவியை வளைத்துக்கொண்டார். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கடைவாய்ப் பல்லை நம்பிக் களத்தில் இறங்க, அவர் வீட்டம்மா போட்ட சத்தத்தில் பாட்டிலைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் தரையில் கிடந்த மூடிகளைப் பொறுக்கியபோதுதான் ஒன்று தோன்றியது. நாம் கோபத்தோடு நெம்பித் தூக்கி எறியும் இந்தத் தகர வில்லையைக் கண்டுபிடித்தவர் யார்? தேடிப் படித்ததில் ஒரு நல்ல மனிதரின் கதை கிடைத்தது. நீங்களும் படியுங்கள்.

அவர் பெயர் வில்லியம் பெயின்டர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டிரையடெல்ஃபியா என்ற சிற்றூரில் 1838 நவம்பர் 20 அன்று பிறந்தார். குவேக்கர் என்ற, ஆடம்பரம் இல்லாத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பள்ளிப் படிப்போடு சரி. பிறகு டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரு தோல் ஆலையில் தொழில் பழகப் போனார். ஆனால் அவருடைய கைக்குத் தோலைவிட இயந்திரம்தான் பிடித்திருந்தது. இருபது வயதுக்குள்ளேயே, பயணிகள் கட்டணக் காசைப் போடும் ஒரு பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதன் பிறகு கள்ள நாணயத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, மண்ணெண்ணெய் விளக்கு, பம்பு என்று வரிசையாக ஏதாவது செய்துகொண்டே இருந்தார். வாழ்நாள் முழுதும் சேர்த்தால் 85 காப்புரிமைகள். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாருக்கும் தெரியாது.

1865-இல் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஓர் இயந்திரப் பட்டறையில் ஃபோர்மேன் வேலை. ஏறக்குறைய இருபது வருடம் அந்தப் பட்டறையில்தான். நாற்பது வயதைத் தாண்டும்வரை உலகம் அவரைக் கவனிக்கவில்லை என்பதை, பணி ஓய்வுக்குப் பிறகு புதிதாக எதையாவது தொடங்கலாமா என்று யோசிக்கும் நம் உறுப்பினர்களுக்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

அந்தக் காலத்தில் சோடா, பீர் போன்ற வாயு ஏற்றிய பானங்களை விற்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. அது மூடி. வாயு ஏற்றிய பானம் சும்மா இருக்காது. வெயில் நேரத்தில் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் நம் ஸ்கூட்டர் டயரில் இருப்பதைவிட அதிகம். வெறும் கார்க்கைத் திணித்தால் அது ஒருநாள் தானே பறந்துவிடும். கம்பி வைத்துக் கட்டினால் நிற்கும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலையும் கையால் கட்ட வேண்டும், குடிப்பவர் கம்பியை அவிழ்த்துக் கார்க்கோடு மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்காவில் 1879-இல் ஹட்சின்சன் என்பவர் ஒரு வழி செய்தார். பாட்டிலுக்கு உள்ளேயே கம்பி வளையமும் ரப்பரும் தொங்கும். மேலே இழுத்தால் மூடும், உள்ளே தள்ளினால் திறக்கும். திறப்பது சுலபம்தான். ஆனால் அந்தக் கம்பியும் ரப்பரும் பானத்திலேயே ஊறிக்கிடக்கும். காலி பாட்டில் திரும்பி வரும்போது அதைச் சுத்தமாகக் கழுவ முடியாது. அழுக்கும் துருவும் அடுத்தவர் வாய்க்குப் போகும்.

இங்கிலாந்தில் கண்ட வழி நமக்கு நன்றாகத் தெரிந்ததே. ஹைரம் காட் என்பவர் 1870-களில் பாட்டிலின் கழுத்துக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கோலியை அடைத்தார். உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிக்கொள்ளும். ஆம், நம் கோலி சோடாதான். கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். காட், பெயின்டர் இருவருமே 1838-இல் பிறந்தவர்கள் என்பது தற்செயல். கோலி சோடாவின் ரசிகன் நான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கழுத்து வளைவைத் தேய்த்துக் கழுவுவது எவ்வளவு சிரமம் என்பதை, ஒரு பழைய பாட்டிலை வீட்டில் கழுவிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் பெயின்டர் வித்தியாசமாக யோசித்தார். மற்றவர்கள் எல்லாரும் நூறு முறை திறந்து மூடினாலும் தாங்கும் மூடியைத் தேடினார்கள். அவரோ ஒரே ஒரு முறை மட்டும் வேலை செய்தால் போதும் என்றார். மூடி மிக மலிவாக இருந்தால் அதைக் கழுவ வேண்டியதே இல்லை; எறிந்துவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் புதியதைப் போடலாம்.

முதலில் 1885-இல் ஒரு ரப்பர் வில்லையைச் செய்தார். பாட்டில் கழுத்தின் உட்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கும். வில்லை அதில் போய் உட்காரும். வாயு தள்ளத் தள்ள அது இன்னும் இறுகும். திறக்க வேண்டுமானால் கொக்கியால் இழுக்க வேண்டும். இது நன்றாகவே விற்றது. அதை வைத்தே ஒரு கம்பெனியும் நடந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். பெயின்டர் தன்னுடைய ஓடும் குதிரையைத் தானே ஓரம்கட்டிவிட்டு, இன்னும் நல்லதைத் தேடிப் போனார்.

1892 பிப்ரவரி 2 அன்று அவருக்குக் கிடைத்த காப்புரிமைதான் இன்று நாம் பார்க்கும் சோடா மூடி. பாட்டில் தலையில் கிரீடம் வைத்தது போல இருந்ததால் அதற்குக் கிரவுன் கார்க் என்று பெயர். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். மெல்லிய தகர வட்டம். ஓரம் முழுக்க மடிப்பு மடிப்பாகப் பல். உள்ளே, அந்தக் காலத்தில், ஒரு மெல்லிய கார்க் தட்டு. பாட்டில் வாயின் வெளிப்புறத்தில் ஒரு சிறு தடிப்பு இருக்கும். மூடியை இயந்திரம் மேலிருந்து அழுத்தும்போது கார்க் நசுங்கும். அது நசுங்கியிருக்கும்போதே தகரப் பற்கள் அந்தத் தடிப்புக்குக் கீழே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். நசுங்கிய கார்க் விரியப் பார்க்கும், தகரம் விடாது. அந்த இழுபறிதான் காற்றுப் புகாமல் காக்கிறது. தகரமும் பானமும் ஒன்றையொன்று தொடாதபடி கார்க் நடுவில் நிற்கிறது. பாட்டிலுக்குள்ளே எதுவும் இல்லை. எனவே கழுவுவதும் சுலபம்.

நான் மிகவும் ரசித்தது அடுத்த விஷயம். சுற்றிலும் சம பலத்தோடு பிடித்திருக்கும் அந்த மூடி, ஓர் ஓரத்தில் மட்டும் தூக்கினால் உடனே தோற்றுவிடும். உள்ளேயிருந்து வரும் அழுத்தம் எல்லாப் பற்கள் மேலும் பரவுகிறது. ஓப்பனரின் நெம்பலோ ஓரிரு பற்கள் மேல் மட்டும் விழுகிறது. ஒரு பக்கம் தகரம் விரிந்ததும் வாயு வெளியேறிவிடும், பிறகு பிடிக்க வேலையே இல்லை. இறுக்கமாக மூடுவதும் சுலபமாகத் திறப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்தார்கள். அவர் இரண்டையும் ஒரே தகரத்தில் அடக்கிவிட்டார். திறக்கும் கருவியையும் அவரே வடிவமைத்து 1894-இல் காப்புரிமை வாங்கினார். பல்லையும் கேட் கொண்டியையும் நாடிய நாம்தான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

இடையில் ஒரு வீட்டுக் குறிப்பு. ஜாம், ஊறுகாய் பாட்டில் திறக்காமல் அடம்பிடிப்பது இதற்கு நேர் எதிரான கதை. சோடாவில் உள்ளிருந்து தள்ளுகிறது. சூடாக அடைத்து ஆறிய ஜாம் பாட்டிலில் உள்ளே வெற்றிடம், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிக்கிறது. அதனால் முறுக்கி முறுக்கிக் கையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். ஸ்பூனின் காம்பை மூடியின் ஓரத்துக்கு அடியில் விட்டு லேசாக நெம்புங்கள். டப் என்று ஒரு சத்தம் கேட்கும். காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் குழந்தைகூடத் திறக்கலாம். ஆக, ஓரத்தில் நெம்புகிற பெயின்டரின் தந்திரம் இங்கேயும் பலிக்கும்.

கதைக்கு வருவோம். நல்ல பொருளைச் செய்துவிட்டால் ஊர் ஓடி வந்து வாங்கிவிடுமா? வாங்கவில்லை. இந்த மூடியைப் போட வேண்டுமானால் பாட்டில் வாய் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கண்ணாடி ஆலைகள் அப்போது அப்படிச் செய்யவில்லை. இருக்கிற பாட்டில்களை எல்லாம் கழித்துவிட்டுப் புதிது வாங்கு, கூடவே இயந்திரமும் வாங்கு என்றால் எந்த வியாபாரி சம்மதிப்பார்? பெயின்டர் பால்டிமோரில் ஒரு பீர் ஆலைக்காரரைச் சம்மதிக்க வைத்தார். புது மூடி போட்ட பீர் பெட்டிகள் கப்பலேறித் தென் அமெரிக்காவுக்குப் போய், அப்படியே திரும்பி வந்தன. வெயில், ஆட்டம், நாட்கணக்கான பயணம் எல்லாவற்றுக்கும் பிறகும் சரக்கு கெடவில்லை. அதன் பிறகுதான் மற்றவர்கள் காது கொடுத்தார்கள். 1898 வாக்கில், காலால் மிதித்து இயக்கும் இயந்திரம் ஒன்றையும் செய்தார். சர்பத்தும் சோடாவும் நிரப்பி மூடியையும் அடித்துவிடும் அது, சின்ன வியாபாரிகளுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

1892-இல் தொடங்கிய அவருடைய கிரவுன் கார்க் அண்ட் சீல் கம்பெனி, சில ஆண்டுகளில் கடல் கடந்தும் கிளைகள் விரித்தது.

அந்தக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் மூடி விற்றவர்களில் ஒருவர் கிங் கேம்ப் ஜில்லெட். ஆம், நீங்கள் நினைக்கும் அதே ஜில்லெட்தான். முதலாளிக்கும் விற்பனையாளருக்கும் நல்ல பழக்கம். தானும் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவரிடம், ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிகிற பொருளாகப் பார்த்துச் செய், வாங்கியவர் மறுபடி மறுபடி உன்னிடமே வருவார் என்று பெயின்டர் யோசனை சொன்னார். அது ஜில்லெட்டின் மனதில் தங்கிவிட்டது. 1895-இல் ஒரு காலை, மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது அவருக்கு விடை கிடைத்தது. தீட்டவே வேண்டாத, எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு. 1903-இல், விற்பனை தொடங்கிய ஆண்டில், 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் போயின. அடுத்த ஆண்டே ரேசர் மட்டும் 90,000-க்கு மேல்.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே வந்தன. நம் வளாகக் குப்பைப் பிரிப்புக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். துருப்பிடித்த கம்பி ஊறிய பானத்திலிருந்து மக்களைக் காப்பாற்றியதும், எறி, புதிது வாங்கு என்ற பழக்கத்துக்கு ஒரு வழி போட்டதும் ஒரே மூளைதான். பெயின்டர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எறியச் சொன்னது ஒரு சின்னத் தகரத்தை. பாட்டில் ஆலைக்குத் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருந்தது. பாட்டிலையே எறியும் காலம் அவருக்கு வெகுநாள் கழித்து வந்தது.

அவர் 1906 ஜூலை 15 அன்று பால்டிமோரில் காலமானார். வயது 67. அவருக்குப் பிறகு மூடி கொஞ்சம்தான் மாறியது. ஆரம்பத்தில் 24 பல் இருந்தது, இப்போது 21. வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள், என் பேத்தி மூன்று கம்பெனி மூடிகளை எண்ணிவிட்டாள். உள்ளே இருந்த கார்க் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. மற்றபடி 1892-இல் அவர் வரைந்தது அப்படியே இருக்கிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. சங்க அலுவலகத்துக்கு ஆறு ஓப்பனர்கள் வாங்கி, சரடு கட்டி, சாவிப் பலகையில் மாட்டியிருக்கிறோம். விழா நாட்களில் எடுத்துக்கொண்டு திரும்ப அதே ஆணியில் மாட்டிவிடவும். பொங்கலன்று சேர்ந்த மூடிகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குமுன், பள்ளிக் கைவேலைக்கு வேண்டும் என்கிற பிள்ளைகள் அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஓரம் கூர்மையாக இருக்கும், சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.