ஆயில் ஃபில்டரே இல்லாமல் ஓடிய 1.5 கோடி கார்கள்: ஹென்றி ஃபோர்டு செய்தது சரியா?

இன்று காரை சர்வீஸுக்கு விட்டால், ஆயிலோடு ஃபில்டரையும் மாத்திடுவார்கள். ஆனால், சாமானியர்களையும் காரில் ஏற்றிய ஃபோர்டு ‘மாடல் டி’யில் ஆயில் ஃபில்டர் கிடையாது. ஆயில் பம்ப்கூட கிடையாது. 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி கார்கள் இப்படித்தான் தயாராகின. எப்படி ஓடின? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது அதில் ஃபில்டர் மாட்டலாமா? பதில் ஹென்றி ஃபோர்டின் வாழ்க்கையில் இருக்கிறது.

சுவரை உடைத்து வந்த வண்டி

1863 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஃபோர்டு. வயல் வேலையில் மனசு ஒட்டவில்லை. அக்கம்பக்கத்தாரின் வாட்ச்களைப் பிரித்துச் சரிசெய்து தருவதில்தான் ஆர்வம். 1879ல் டெட்ராய்ட் நகருக்குப் போய் இயந்திரத் தொழில் கற்றார். 1891ல் எடிசன் மின் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார்.

1893 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டுச் சமையலறையிலேயே தன் பெட்ரோல் இன்ஜினைச் சோதித்தார். மனைவி கிளாராதான் கையால் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். 1896 ஜூனில் முதல் வண்டி தயார். ஆனால், கொட்டகை வாசல் சின்னது. சுவரை உடைத்துத்தான் வண்டியை வெளியே எடுத்தார். அடுத்து தொடங்கிய முதல் நிறுவனம் 1901ல் மூடப்பட்டது. 1903ல் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் பிறந்தது.

ஃபில்டர் இல்லாமல் எப்படி?

1908 அக்டோபரில் வந்த மாடல் டி, கிராமத்து விவசாயியும் ஒரு ஸ்பேனரை வைத்துப் பழுது பார்க்கும்படி எளிமையாக இருந்தது. இன்ஜினின் பின்பக்கம் சுற்றும் ஃப்ளைவீல், அடியில் கிடக்கும் ஆயிலை வாரி இறைக்கும். அதில் ஒரு பகுதி ஒரு குழாய் வழியாகத் தானாகவே முன்பக்க கியர்களுக்கு இறங்கும். அங்கிருந்து திரும்பி வரும் ஆயிலில் கனெக்டிங் ராடுகள் முங்கி எழுந்து, மற்ற பாகங்கள் மீது தெறிக்கவிடும். அவ்வளவுதான்.

இதில் ஃபில்டர் மாட்ட இடமே இல்லை. ஃபில்டருக்குள் ஆயிலைத் தள்ள அழுத்தம் வேண்டும். அதைத் தருவது பம்ப்தான். இன்ஜினும் நிதானமானது: 1,600 சுற்று வேகத்தில் 20 குதிரைத்திறன். பேரிங்குகள் ‘பாபிட்’ என்ற மென்மையான உலோகக் கலவை. நுண்ணிய தூசி வந்தால் அதில் புதைந்துகொள்ளும், தண்டை அவ்வளவாகக் கீறாது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கியர் பெட்டியும் அதே ஆயிலில்தான் ஓடியது. அதன் பட்டைகளில் இருந்த பருத்தி தேய்ந்து, பிசிறு ஆயிலில் கலக்கும். அது குழாயை அடைத்தால் முன்பக்கம் ஆயில் போகாது, பேரிங் காலி. அதனால்தான் சுமார் 1,000 மைலுக்குள் ஆயிலை மாற்றச் சொன்னார்கள்.

பலமே பலவீனமானபோது

1913ல் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு கார் தயாராகும் நேரம் 12 மணி நேரத்திலிருந்து 93 நிமிடமாகக் குறைந்தது. 850 டாலர் கார் பின்னர் 300 டாலருக்கும் கீழே வந்தது. 1914ல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் வரை கொடுத்தார்.

இதற்கிடையே உலகம் மாறியது. எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் ஆயில் ஃபில்டரை உருவாக்க, 1924ல் கிறைஸ்லர் கார் அதோடு சந்தைக்கு வந்தது. ஃபோர்டோ மாடல் டியை விடவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். 1927ல் வேறு வழியின்றி நிறுத்தியபோது, ஆலை மாதக்கணக்கில் முடங்கியது. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்தனர். 1920களில் தன் பத்திரிகை மூலம் யூத வெறுப்பைப் பரப்பியதும் அவர் மீதான அழியாத கறை.

அடுத்து வந்த மாடல் ஏ-யில் பம்ப் இருந்தது, ஃபில்டர் இல்லை. 1932ல் வந்த வி8 இன்ஜினிலும் முதலில் இல்லை. ஆயிலில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பைபாஸ் ஃபில்டர், பிறகுதான் கூடுதல் வசதியாக வந்தது. 1947 ஏப்ரல் 7 இரவு, வெள்ளத்தால் மின்சாரம் போன வீட்டில், விளக்கு வெளிச்சத்தில் ஃபோர்டு காலமானார்.

அப்போ, ஃபில்டர் தேவையா?

மாடல் டி மாதிரி, ஆயிலைத் தெறிக்கவிடும் இன்ஜினுக்கு அவசியமில்லை. அங்கே அடிக்கடி ஆயில் மாற்றுவதுதான் ஃபில்டர். ஆயில் அளவும், குழாயில் அடைப்பு இல்லாததும் முக்கியம். பம்ப் உள்ள பழைய இன்ஜினில் பைபாஸ் ஃபில்டர் மாட்டினால் நல்லது. அதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஃபில்டர் இல்லாத வண்டியை ஃபோர்டு விற்றார். ஆனால், பராமரிப்பே வேண்டாத வண்டியை அவர் ஒருபோதும் விற்கவில்லை.