பிராய்ட் என்ற சிறுவர் நரம்பியல் வைத்தியர்

சிக்மண்ட் பிராய்ட் என்றதும் கனவுகளும் ஆழ்மனமும்தான் நினைவுக்கு வரும். ஊடகக் கற்கை படித்த காலத்தில் நானும் அவரை அப்படித்தான் அறிந்திருந்தேன். கண்டியைச் சூழவுள்ள தோட்டங்களில் பெருமூளைவாதம் உள்ள பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு பிராய்டைச் சந்தித்தேன்.

1856 இல் இன்றைய செக் குடியரசின் சிறு நகரொன்றில் பிறந்த அவர், வியன்னாவில் வளர்ந்து 1881 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மீன்களின் நரம்பு உயிரணுக்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்வதே அவருக்குப் பிடித்த வேலை. ஆனால் அந்த வருமானத்தில் திருமணம் செய்ய முடியாது. பாரிஸில் நரம்பியல் பயின்று திரும்பி, 1886 இல் சொந்தமாக வைத்தியத் தொழில் ஆரம்பித்தார், மார்த்தாவை மணந்தார். அதே ஆண்டு மக்ஸ் கசோவிட்ஸ் நடத்திய சிறுவர் சிகிச்சை நிலையத்தில் நரம்பியல் பிரிவையும் பொறுப்பேற்றார். வாரத்தில் மூன்று நாட்கள், சுமார் பத்து ஆண்டுகள், கைகால் இறுகிப்போன பிள்ளைகளைப் பரிசோதித்தார். 1891, 1893, 1897 ஆகிய ஆண்டுகளில் அதுபற்றி நூல்கள் எழுதினார்.

அதற்கு முன்பே லண்டன் வைத்தியர் வில்லியம் லிட்டில், சிக்கலான பிரசவமும் மூச்சுத்திணறலுமே இந்த நோய்க்குக் காரணம் என்று வாதிட்டிருந்தார். பிராய்ட் சந்தேகப்பட்டார். சில பிள்ளைகளின் மூளை கருவிலேயே பாதிக்கப்பட்டிருக்கலாம், பிரசவம் சிக்கலானதே அதன் விளைவாக இருக்கலாம் என்றார். உயிருள்ள குழந்தையின் மூளையைப் பார்க்க அன்று வழியில்லை. 1899 இல் கனவுகள் பற்றிய நூல் வந்ததும் உலகம் அவரது பழைய வேலையை மறந்தது. 1938 இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் சென்றவர், அடுத்த ஆண்டே இறந்தார்.

அவர் பார்க்க முடியாததை எம்.ஆர்.ஐ. ஸ்கான் காட்டியது. ஒட்சிசன் திடீரெனத் தடைப்பட்டால் மூளையின் ஆழத்திலுள்ள கருக்கள் சேதமாகும். நெடுநேரம் சிறிது சிறிதாகக் குறைந்தால் வெண்பொருளும் மேற்பட்டையும் சேதமாகும். பழைய காயம் என்றால் மூளை சுருங்கியிருக்கும். 2003 இல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வொன்றில், பிறந்தவுடன் மூளைப் பாதிப்பின் அறிகுறி காட்டிய நிறைமாதச் சிசுக்களில் சுமார் 80 வீதமானோருக்கு இருந்தது பிரசவத்தை ஒட்டிய புதிய காயமே. அங்கே லிட்டில் வென்றார். ஆனால் பெருமூளைவாதம் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டால், பிரசவ மூச்சுத்திணறலால் பாதிக்கப்பட்டோர் சிறுபான்மையினரே. அங்கே பிராய்டின் சந்தேகம் நிற்கிறது.

நமக்கு நெருக்கமான பாடம் 2021 இல் வந்தது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் நாடுகளின் 408 சிசுக்களை உள்ளடக்கிய ஹீலிக்ஸ் ஆய்வில் ராகமையும் சென்னையும் பங்கேற்றன. பணக்கார நாடுகளில் பலன்தந்த, உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை இங்கு உதவவில்லை. குளிர்விக்கப்பட்டோரில் 42 வீதமும் மற்றோரில் 31 வீதமும் இறந்தனர். ஸ்கான்களில் வெண்பொருள் சேதமே அதிகம் தெரிந்தது. பாதிப்பு எப்போது தொடங்குகிறது என்ற பிராய்டின் கேள்வி இங்கே சிகிச்சையின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

கொழுந்துக் கூடை சுமந்ததாலா, கிரகணத்தன்று வெளியே போனதாலா என்று தோட்டத்துத் தாய்மார் தங்களையே நொந்துகொள்கிறார்கள். ஸ்கான் எடுத்தால் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாமல், படம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது என்று அவர்களது மொழியிலேயே உட்கார வைத்து விளக்க வேண்டும். அந்தப் படத்தில் கூடையும் இல்லை, கிரகணமும் இல்லை.