வாடகை வசூலித்த வரலாற்று நாயகி



ஒரு குடியிருப்பைக் கட்டி முடிச்சாச்சு. திறப்பு விழா நடந்து, ரிப்பன் வெட்டி, சாவி கொடுத்து, போட்டோவும் எடுத்தாச்சு. கான்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்ஜினியர் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். அதுக்கப்புறம்? மாடிப்படி விளக்கு எரியாவிட்டால் யார் மாற்றுவது? சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது? மூன்று மாசமாக வாடகை கட்டாத குடும்பத்திடம் யார் போய்ப் பேசுவது, என்னவென்று பேசுவது?

எஸ்டிமேட், டிராயிங், சர்வே என்று முட்டி மோதிப் படிக்கிற நாம் இதையெல்லாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கிலாந்தில் இது ஒரு தனித் தொழில். அதற்கென்று படிப்பு உண்டு, பரீட்சை உண்டு, அரச சாசனம் பெற்ற சங்கம் உண்டு. ஏழைகளுக்கான வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் சாதாரண அலுவலராகச் சேர்ந்தவர், ஆயிரக்கணக்கான வீடுகளை நடத்தும் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயரலாம். இந்த ஏணிக்கு முதல் படி போட்டவர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பெண்மணி. பெயர் ஆக்டேவியா ஹில்.

1838 டிசம்பர் 3-ஆம் தேதி, விஸ்பெக் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி. பேங்க் தொழிலும் உண்டு. அவருக்கு எட்டாவது பெண் குழந்தை என்பதால், லத்தீன் மொழியில் எட்டைக் குறிக்கும் சொல்லை வைத்தே பெயர் சூட்டினார்கள். 1840-ல் அப்பா மஞ்சக் கடுதாசி கொடுக்கும்படி ஆகி, மனநிலையும் பாதித்து ஒடுங்கிப் போனார். குடும்பத்தைத் தாங்கியது அம்மா கரோலினும், அம்மாவைப் பெற்ற தாத்தாவும். இந்தத் தாத்தா லேசுப்பட்ட ஆளில்லை. சவுத்வுட் ஸ்மித் என்கிற டாக்டர். லண்டன் சேரிகளில் விஷக் காய்ச்சல் ஏன் பரவுகிறது என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்த்து, அழுக்குத் தண்ணீரும் காற்று வராத அறைகளும்தான் காரணம் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை மேல் அறிக்கை எழுதியவர். பேத்திக்கு வீட்டுப் பிரச்சினை அவரிடமிருந்து வந்த சொத்து என்றே சொல்லலாம்.

1852-ல் அம்மாவுக்கு லண்டனில் பெண்கள் கூட்டுறவுப் பட்டறை ஒன்றில் மேலாளர் வேலை கிடைத்தது. கூடவே போன ஆக்டேவியா 14 வயதில் அங்கே ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டார். பரம ஏழைப் பிள்ளைகள் பொம்மை வீட்டுக்கான சின்னச் சின்ன மேஜை நாற்காலிகள் செய்கிற பிரிவு அது. வேலையைப் பிரித்துக் கொடுப்பது, கணக்கு எழுதுவது, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் தலையில். ஒரு பிள்ளை வேலைக்கு வராவிட்டால் வீடு தேடிப் போவார். அப்படிப் போனபோதுதான் அந்தப் பிள்ளைகள் எந்த மாதிரி பொந்துகளில் வசிக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தார். தலைமைப் பண்பு, மேனேஜ்மென்ட் என்று நாம் இப்போது பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அவர் அதைக் கற்றது இந்தப் பட்டறையில்தான்.

அதே காலத்தில் ஜான் ரஸ்கின் என்ற பெரிய எழுத்தாளர், கலை விமர்சகர் பழக்கமானார். 1855 முதல் சுமார் பத்து வருஷம் அவருக்காக ஓவியங்களைப் பார்த்துப் படி எடுத்துக் கொடுக்கும் வேலையை ஆக்டேவியா செய்தார். அப்பாவின் கடன்காரர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வேண்டியிருந்தது.

1864-ல் ரஸ்கினின் தகப்பனார் இறந்து பெரிய சொத்து கைக்கு வந்தது. ஏழைகளுக்கு நல்ல வீடு கொடுக்க வேண்டும் என்ற தன் ஆசையை ஆக்டேவியா சொன்னார். ரஸ்கின் 750 பவுண்டு கொடுத்து லண்டனில் மேரில்போன் பகுதியில் மூன்று வீடுகளின் குத்தகையை வாங்கி அவரிடம் ஒப்படைத்தார். தெருவின் பெயர் பாரடைஸ் பிளேஸ், அதாவது சொர்க்கம்! பெயரில் மட்டும்தான். ரஸ்கின் ஒரு நிபந்தனை போட்டார். இது தர்மம் இல்லை, போட்ட முதலுக்கு வருஷம் 5 சதவீதம் வரவேண்டும், அப்போதுதான் மற்ற பணக்காரர்களும் இதைப் பார்த்து முன்வருவார்கள் என்றார். ஆக்டேவியா ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு 26 வயது.

அடுத்த வருஷமே பக்கத்தில் ஃப்ரெஷ்வாட்டர் பிளேஸ் என்ற இடத்தில் இன்னும் சில வீடுகள் வந்தன. அதன் நிலைமையைக் கேளுங்கள். சுவரில் காரை உதிர்கிறது. கூரை ஒழுகி, படிக்கட்டில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள். மாடிப்படிக் கைப்பிடிகள் எங்கே என்றால், குளிருக்கு அடுப்பில் வைத்து எரித்தாகிவிட்டது. ஜன்னல்களில் கண்ணாடி இருந்த இடத்தில் காகிதமும் கந்தலும். எண்ணிப் பார்த்தால் 192 கண்ணாடிகளில் உடையாமல் இருந்தது 8! ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுக்க அடைந்து கிடக்கும் ஒண்டுக்குடித்தனம்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இடிச்சுத் தள்ளிட்டு புதுசாக் கட்டுவோம் என்று பிளான் போட்டிருப்போம். அவர் இடிக்கவில்லை. முதலில் சாக்கடையைச் சரி செய்தார். தண்ணீருக்குப் பெரிய தொட்டி வைத்தார். கூரை, காரை, மரவேலை எல்லாவற்றையும் ரிப்பேர் பார்த்தார். காலியான அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, பக்கத்துக் குடும்பத்தை அதற்கு மாற்றி, அவர்கள் விட்ட அறையை அடுத்ததாகச் சுத்தம் செய்து... இப்படியே ஒவ்வொன்றாகத் தேறியது. நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இரண்டு அறை எடுத்தால் வாடகையைக் குறைத்துக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் அச்சாணி வாரா வாரம் வாடகை வாங்கப் போனதுதான். ஏஜென்ட் வைத்து அதட்டி வாங்கவில்லை, தானே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவு திறந்ததும் வாடகைப் பேச்சு முடிகிற நேரத்தில் குழாய் ஒழுகுவது கண்ணில் படும், வீட்டுக்காரருக்கு வேலை போயிருப்பது தெரியவரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது காதில் விழும். வேலையில்லாத குடித்தனக்காரருக்கு அந்தக் கட்டடத்திலேயே ரிப்பேர் வேலை கொடுப்பார். பெரிய பெண் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்து நடைபாதைகளைத் தேய்த்துக் கழுவ வைப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ரிப்பேர் செலவுக்கு இவ்வளவு என்று தனியாக ஒதுக்கி, உடைசல் குறைந்து பணம் மிஞ்சினால் அதில் என்ன வசதி வேண்டும் என்று அங்கே குடியிருப்பவர்களே தீர்மானிக்கலாம் என்றார். இது நல்ல ஐடியா. கண்ணாடியை உடைத்தால் யாருக்கு நஷ்டம் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையே இல்லாமல் போனது.

இதெல்லாம் சரி, அம்மையார் ரொம்பக் கறார். பாக்கி சேர விடவே மாட்டார். வாடகை கட்டாதவர், நடத்தை சரியில்லை என்று அவர் நினைத்தவர், இவர்களை வெளியேற்றத் தயங்கியதே இல்லை. வெளியே போன குடும்பம் எங்கே போயிருக்கும்? இன்னும் மோசமான ஒரு சந்துக்குத்தான். ஒழுங்காக வாரா வாரம் கொடுக்க முடிந்த ஏழைக்குத்தான் அவருடைய வீட்டில் இடம், அன்றாடம் காய்ச்சிக்கு இல்லை என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே இருந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. 5 சதவீதம் வரவேண்டும் என்ற கணக்கு ஒருவருக்குக் கூரையாகவும், இன்னொருவருக்கு வெளியே போகச் சொல்லும் நோட்டீஸாகவும் இருந்தது. அவருடைய பெருமையைப் பேசுகிற கட்டுரைகளில் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனசு வரவில்லை.

கணக்கு சரியாக வந்ததைப் பார்த்து மற்ற சொத்துக்காரர்களும் வந்தார்கள். 1874-க்குள் 15 இடங்கள், சுமார் 3,000 குடித்தனக்காரர்கள் அவர் பொறுப்பில். ஒரே ஆள் எத்தனை கதவைத் தட்ட முடியும்? அதனால் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். பொம்மைப் பட்டறைக் காலத்துத் தோழி எம்மா கான்ஸ் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார். இவர்தான் பிற்பாடு லண்டனில் புகழ்பெற்ற ஓல்ட் விக் நாடக அரங்கை எடுத்து நடத்தியவர். வந்த பெண்களுக்கு இரக்கம் மட்டும் இருந்தால் போதாது என்று ஆக்டேவியா நினைத்தார். சாக்கடை எப்படி ஓடுகிறது, குத்தகைப் பத்திரத்தில் என்ன இருக்கிறது, வரி எவ்வளவு, பேரேடு எப்படி எழுதுவது, மேஸ்திரியிடம் எப்படி வேலை வாங்குவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சம்பளமில்லாத தொண்டர்கள்தான். போகப் போக, சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் இது நடக்காது என்பதைப் புரிந்துகொண்டார். அவருடைய சொந்தப் பிழைப்பும் ரொம்ப நாள் பாடம் சொல்லிக் கொடுத்து நடந்ததுதான். 1874-ல் நண்பர்கள் நிதி திரட்டிக் கொடுத்த பிறகே முழுநேரமும் இதில் இறங்க முடிந்தது.

1877 மோசமான வருஷம். நிச்சயதார்த்தம் முறிந்தது. ரஸ்கினுக்கு உலக நடைமுறை தெரியாது என்று இவர் யாரிடமோ சொன்னது அவர் காதுக்குப் போக, மனுஷன் கோபத்தில் இருவருடைய கடிதங்களையும் தன் பத்திரிகையிலேயே அச்சிட்டு நாறடித்துவிட்டார். ஆக்டேவியா உடைந்துபோய், வேலையை விட்டுவிட்டு நீண்ட நாள் வெளிநாட்டில் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாத காலத்திலும் வேலை நிற்கவில்லை. ஒவ்வொரு குடியிருப்பையும் அதன் பொறுப்பாளரே நடத்தினார். எல்லாவற்றையும் ஒரே தலைமை அலுவலகத்துக்குள் கொண்டுவர அவர் என்றைக்குமே விரும்பியதில்லை. நீ பார்க்கிற வீட்டுக்கு நீயே தலைவி என்பதுதான் ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு தடவை வரவு செலவும் அனுபவமும் சேர்த்து சக ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி அச்சிட்டு அனுப்புவார். 1872-ல் தொடங்கி சாவதற்கு முந்தின வருஷம் வரை எழுதினார்.

1884-ல் தேவாலயச் சொத்துக்களைப் பார்க்கும் ஆணையம் தன் வீடுகளை அவரிடம் கொடுக்கத் தொடங்கியது. சதக் பகுதியில் 1887-ல் ஒரு தோட்டமும் சிறு வீடுகளும் மண்டபமும் அமைத்தார். அதே 1884-ல் ஏழைகளின் வீட்டுவசதி பற்றி விசாரிக்க அரசுக் குழு போட்டார்கள். இவர் பெயர் அடிபட்டது. பெண் என்பதால் உறுப்பினராக்க முடியாது என்று மறுத்துவிட்டு, சாட்சி சொல்ல மட்டும் கூப்பிட்டார்கள்! விஷயம் தெரிந்தவர் வெளியே நாற்காலியில், தெரியாதவர்கள் உள்ளே. 1905-ல் ஏழைகள் சட்டம் பற்றிய குழுவில்தான் உறுப்பினராக உட்கார முடிந்தது. நடுவில் 1895-ல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் இவரும் ஒருவர். பட்டணத்து ஏழைக்கு நடந்து போக ஒரு திறந்த வெளி வேண்டும் என்ற பழைய ஆசைதான் அதற்கும் வேர்.

இப்படிப்பட்டவர் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்றவர் என்றால் நம்புவீர்களா? முதியோர் பென்ஷனையும் எதிர்த்தார். நகராட்சியோ அரசாங்கமோ வீடு கட்டி வாடகைக்கு விடுவதையும் எதிர்த்தார். வாடகை பாக்கியைக் கேட்கப் போகிறவர் ஓட்டுக் கேட்கவும் போக வேண்டியிருந்தால் கறாராக இருக்க முடியாது என்பது அவர் பயம். பயத்தில் அர்த்தம் உண்டு. ஆனால் லண்டன் ஜனத்தொகைக்கு முன்னால் அவருடைய சில ஆயிரம் பேர் எந்த மூலைக்கு? 1900-த்திலேயே லண்டன் கவுன்சில், சேரியை இடித்த இடத்தில் பவுண்டரி எஸ்டேட் என்ற பெரிய குடியிருப்பைத் திறந்துவிட்டது.

1912 ஆகஸ்ட் 13-ல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டு, கென்ட் பகுதியில் கிராக்கம் ஹில் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் முறையைக் கற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜொஹானா டெர் மூலன் வந்து கற்றுக்கொண்டு போனார். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1896-லேயே அவர் பெயரில் சங்கம் வந்தது. எடின்பரோவில் பேட்ரிக் கெடஸ் இந்த வழியில்தான் பழைய வீடுகளைப் பார்த்துக்கொள்ள 1885-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அந்த கெடஸ்தான் பிறகு நம்ம மெட்ராசுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை 1914-ல் எம்டன் மூழ்கடிக்க, வேறு பொருள் சேர்த்து 1915-ல் கண்காட்சி நடத்தி, மதுரை உள்ளிட்ட ஊர்களைச் சுற்றிப் பார்த்து, கண்டபடி இடிக்காதீர்கள், இருப்பதைச் சீர்படுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தார்.

லண்டனில் அவரிடம் பயின்ற பெண்கள் 1916-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1919-க்குப் பிறகு அரசாங்கப் பணத்தில் நகராட்சிகள் வீடுகளாகக் கட்டித் தள்ளின. அம்மையார் வேண்டாம் என்ற அதே வீடுகள்! கட்டியாச்சு, யார் நடத்துவது? 1927-ல் செஸ்டர்ஃபீல்டு நகராட்சி, தன் வீடுகளை நிர்வகிக்க ஜேனட் அப்காட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தது. இள வயதில் ஆக்டேவியா ஹில்லிடமே தொழில் பழகியவர் அவர்.