சீமைக்குப் படிக்கப் போன டாக்டர் அம்மாள்

மணப்பாறையிலிருந்து கிழக்கே போனால் விராலிமலை. அதையும் தாண்டிப் போனால் புதுக்கோட்டை. ஒரு காலத்தில் அது தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மகாராஜாக்கள் ஆண்ட ஊர்.

அந்த ஊரில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. முத்துலட்சுமி என்று பெயர் வைத்தார்கள். தகப்பனார் நாராயணசாமி அய்யர், கல்லூரி ஆசிரியர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர்.

பெண் பெரியவளானால் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமியோ வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். அங்கே படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜா அதைப் பொருட்படுத்தவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டார்.

டாக்டர் ஆனார்

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பரிசுகளோடு தேறி, டாக்டராக வெளியே வந்தார். எழும்பூரில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

நல்ல தொழில், நல்ல பெயர், நல்ல குடும்பம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர், அத்தானும் டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கம் கடைசி வரையில் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

மறுபடியும் மாணவி

1925-ல் அரசாங்கம் அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பியது. பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேல்படிப்புப் படிக்க வேண்டும். அப்போது அவருக்கு ஏறக்குறைய 40 வயது. டாக்டராகிப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது.

டாக்டருக்கே படிப்பா என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் கேட்கக்கூடும். கல்லூரியில் கற்றது கல்லூரியோடு நின்றுவிடுகிறது. புது மருந்தும் புது முறையும் வந்துகொண்டே இருக்கின்றன. தமக்குத் தெரியாதது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, பேரும் புகழும் உள்ள டாக்டர் மறுபடியும் மாணவியாக உட்காருவது லேசான காரியம் அல்ல.

லண்டனில் புற்றுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வைத்தியமும் ஆராய்ச்சியும் சேர்ந்தே நடந்தன. முத்துலட்சுமி அதைப் பார்த்தார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்த நோயை எதிர்த்து நிற்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டாயிற்று. இப்படி ஓர் இடம் நம் ஊரிலும் வேண்டும் என்று தீர்மானித்தார்.

திரும்பி வந்ததும் வேறு வேலைகள் அவரை இழுத்துக்கொண்டன. 1926-ல் சென்னைச் சட்டசபை அங்கத்தினர். அடுத்த வருஷம் அதன் உபதலைவர். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். காந்திஜி கைதானதும் 1930-ல் பதவியை உதறினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். அவை ஒவ்வொன்றும் தனிக் கதை.

குடிசையில் ஆஸ்பத்திரி

லண்டனில் கண்டதை மட்டும் அவர் மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதைப் பற்றிப் பேசினார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு என்றுதான் பெரிய இடங்களில்கூட நினைத்தார்கள். அம்மையார் விடவில்லை. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டராகி, அமெரிக்கா சென்று புற்றுநோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தது. 12 படுக்கைகள், குடிசைதான் கட்டடம். அடுத்த வருஷம் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் நாடறிந்த டாக்டர் சாந்தா அவர்தான்.

வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று வருகிறது அல்லவா? அடையாறில் அதை விடாமல் ஆராய்ந்தார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றதற்குக் கதிர்வீச்சோடு ப்ளியோமைசின் என்ற மருந்தும் கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் கட்டி நன்றாகக் கரைகிறது என்று கணக்கெடுத்து, 1980-ல் வெளியிட்டார்கள். மருந்து சேர்த்த பிரிவில் பலன் கூடுதலாக இருந்தது.

அதைப் பார்க்க அம்மையார் இல்லை. 1968 ஜூலை 22-ந் தேதி, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில் காலமானார்.

1984-ல் அடையாறில் ஒரு கல்லூரியும் ஏற்பட்டது. அதில் சேரச் சின்னப் பிள்ளைகள் வரவில்லை. ஏற்கெனவே எம்.டி., எம்.எஸ். முடித்த டாக்டர்கள் வந்தார்கள். மேலும் மூன்று வருஷம் புற்றுநோயைப் பற்றி மட்டும் படிக்க, மறுபடியும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள்.